கொண்டோ ஜன்னலோரத்தில் ஆர்க்கிட்: வாங்கும் முன்பிருந்து இரண்டாம் பூ வரை

சீனப் புத்தாண்டுக்கு வாங்கிய ஆர்க்கிட் இரண்டு மூன்று மாதம் பூத்து உதிரும். அப்புறம் இலைகள் ஒவ்வொன்றாகப் பழுத்து விழும். கோலாலம்பூரில் பல வீடுகளில் இதுதான் நடக்கிறது. முதல் பூவைக் கொண்டுவந்தது பண்ணைக்காரரின் உழைப்பு. இரண்டாவது பூவைக் கொண்டுவர வேண்டியது நாம்.

நான் செந்தூலில் பதினான்காவது மாடியில் இருக்கிறேன். என் செடிகளைத் தவிர, உறவுக்காரர், அண்டை வீட்டார் என்று பலருக்குச் சாடி மாற்றிக் கொடுத்ததில் ஒரே தவறைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். முதலில் செடியை வாங்குகிறார்கள், பிறகு அழகான சாடி, பிறகு உரம், எல்லாம் முடிந்த பிறகு "இதை எங்கே வைப்பது?" என்று யோசிக்கிறார்கள். வரிசையே தலைகீழ்.

இந்த ஆர்க்கிட்டுகள் மரத்தில் தொற்றி வளர்பவை. காட்டில் மழை இவற்றின் வேரை நனைக்கும், கொஞ்ச நேரத்தில் காற்று காயவைத்துவிடும். நம் ஊரில் சூட்டுக்கும் ஈரத்துக்கும் பஞ்சமே இல்லை. வீட்டுக்குள் கிடைக்காதது வேரைக் காயவைக்கும் காற்றுதான். கீழே சொல்லும் படிகளில் பாதி அதற்காகவே.

1. செடி வாங்கும் முன் ஒரு வாரம் ஜன்னலைப் பாருங்கள்

"தெற்கு ஜன்னல்தான் நல்லது" என்று எங்காவது படித்திருப்பீர்கள். அது குளிர்நாட்டுக் கணக்கு. கோலாலம்பூர் நிலநடுக்கோட்டிலிருந்து 3 பாகை வடக்கே இருக்கிறது, பினாங்கு 5 பாகை சொச்சம். நமக்கு ஜூனில் வடக்கு ஜன்னலில் வெயில் விழும், டிசம்பரில் தெற்கு ஜன்னலில் விழும். ஒருமுறை பார்த்துவிட்டு முடிவு செய்தால் ஆறு மாதத்தில் ஏமாறுவோம்.

கிழக்கு ஜன்னல் கிடைத்தால் அதுவே போதும். காலை வெயில் பத்தரை மணி வரை விழுந்தாலும் இலை தாங்கும். மேற்கு ஜன்னல்தான் ஆபத்து. நம் கடிகாரப்படி சூரியன் உச்சிக்கு வருவது ஏறத்தாழ ஒன்றேகால் மணிக்கு. நாம் "மாலை 4 மணி வெயில்" என்று நினைப்பது உண்மையில் மூன்று மணிகூட ஆகாத வெயில். மேற்குப் பக்கம் மட்டுமே இருந்தால் மெல்லிய வெள்ளைத் திரை கட்டாயம்.

வெளிச்சத்தை அளக்கக் கருவி தேவையில்லை. காலை பத்து மணிக்குச் செடி வைக்கப்போகும் இடத்தில் ஒரு வெள்ளைத்தாளை வைத்து, அதற்கு ஒரு அடி மேலே கையை நீட்டுங்கள். நிழல் விளிம்பு கலங்கலாக, ஆனால் கை என்று தெரியும்படி விழுந்தால் ஃபெலனாப்சிஸுக்கு (அகன்ற, தடித்த இலை ஆர்க்கிட்) சரி. விரல்கள் தனித்தனியாக, கறாராக விழுந்தால் டெண்ட்ரோபியத்துக்கு (நீண்ட தண்டு ஆர்க்கிட்) சரி. நிழலே விழவில்லையா? அங்கே ஆர்க்கிட் வேண்டாம், மணிப்ளாண்ட் வையுங்கள். கைப்பேசிச் செயலியில் பார்ப்பவர்களுக்கு: ஃபெலனாப்சிஸுக்கு 10,000 முதல் 15,000 லக்ஸ், டெண்ட்ரோபியத்துக்கு 25,000க்கு மேல்.

கண்ணாடியில் கருப்பு ஃபிலிம் ஒட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். நம் கண் இருட்டுக்குச் சீக்கிரம் பழகிவிடும், வெளிச்சம் குறைந்தது தெரியாது. நிழல் பொய் சொல்லாது. இன்னொன்று, இலை கண்ணாடியில் படக்கூடாது. வெயில் நேரத்தில் அந்தக் கண்ணாடியைத் தொட்டுப் பார்த்தாலே காரணம் புரியும். ஒரு சாண் தள்ளி வையுங்கள்.

2. ஊதுவத்தி வைத்துக் காற்றைப் பாருங்கள்

சாமி கும்பிட்ட பிறகு ஊதுவத்தியை அந்த இடத்தில் வைத்து இரண்டு நிமிடம் கவனியுங்கள். புகை நூல் பிடித்தாற்போல நேராக மேலே போனால் அங்கே காற்று இல்லை, வேர் அழுகும். சோம்பலாக வளைந்து வளைந்து போனால் நல்லது. வந்த உடனே கலைந்து காணாமல் போனால் காற்று அதிகம். உயர மாடி பல்கனிகளில் இதுதான் பிரச்சினை, டெண்ட்ரோபியம் தாங்கும், ஃபெலனாப்சிஸ் இலை சுருங்கிவிடும்.

புகை நேராகப் போகிற வீடுகளுக்கு ஒரு சின்ன யுஎஸ்பி காத்தாடி போதும். செடி மேல் நேராக அடிக்காமல் பக்கத்துச் சுவரில் பட்டுத் திரும்பும்படி வையுங்கள். இரவிலும் ஓடட்டும், சாடி காயாமல் கிடப்பது இரவில்தான். புகைமூட்டக் காலத்தில் ஜன்னலை மூடிவைக்க வேண்டி வந்தால் இந்தக் காத்தாடிதான் செடியைக் காப்பாற்றும்.

ஏர்கோன் காற்று நேராகப் படும் இடம் வேண்டவே வேண்டாம். ஃபெலனாப்சிஸ் மாதிரி தடித்த இலை ஆர்க்கிட்டுகள் பகலில் இலைத்துளைகளை மூடிக்கொண்டு இரவில் திறப்பவை. நாம் ஏர்கோன் போட்டுத் தூங்கும் நேரமும் அவை மூச்சுவிடும் நேரமும் ஒன்றாக அமைந்துவிடுகிறது. அந்த உலர்ந்த காற்று இலையில் இருக்கும் நீரை உறிஞ்சிவிடும்.

3. கையில் இருக்க வேண்டியவை

பக்கவாட்டிலும் துளை போட்ட, உள்ளே தெரியும் பிளாஸ்டிக் சாடிகள். வேரின் நிறம் தெரிந்தால்தான் தண்ணீர்க் கணக்கு வரும், அதனால் கண்ணாடி போன்ற சாடியைச் சொல்கிறேன். மரக்கரி, ஆர்க்கிட்டுக்கென்று விற்கும் மரப்பட்டைத் துண்டு, கூர்மையான கத்தரி, லைட்டர், கட்டுவதற்கு மெல்லிய கம்பியும் கயிறும், ஒரு கட்டு சாத்தே குச்சி.

கரி வாங்கும்போது கவனம். பார்பிக்யூவுக்கு விற்கும், அச்சில் வார்த்த கரிக்கட்டி வேண்டாம், அதில் பசையும் சிலவற்றில் எரிய உதவும் மருந்தும் கலந்திருக்கும். மரமாகவே தெரியும் கரியை வாங்கி, கட்டைவிரல் நுனி அளவுக்கு உடைத்து, தூள் போகக் கழுவி, ஒரு இரவு ஊறவைத்துத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். தூள் இருந்தால் அடியில் சேறாகப் படிந்து துளையை அடைக்கும்.

கூழாங்கல் தட்டில் தண்ணீர் ஊற்றி அதன் மேல் சாடியை வைக்கும் வழக்கம் ஒன்று உண்டு. காற்று உலர்ந்திருக்கும் நாட்டுக்கு அது. இங்கே அதனால் ஒரு பயனும் இல்லை, ஏடிஸ் கொசுவுக்குத்தான் வீடு கட்டிக் கொடுப்போம். நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிக்கும் 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி கொசுப்புழு கண்டால் வீட்டுக்காரருக்கு அபராதம் வேறு. தட்டில் வடிந்த தண்ணீரை அன்றன்றே கொட்டிவிடுங்கள்.

4. இடத்துக்கேற்ற செடியைத் தேர்ந்தெடுங்கள்

இப்போதுதான் கடைக்குப் போக வேண்டும்.

வெயில் விழும், காற்று வரும் பல்கனி இருந்தால் கலப்பின டெண்ட்ரோபியம் வாங்குங்கள். கரும்பு மாதிரி கணு வைத்த தண்டு, அதன் நுனியிலிருந்து பூக்காம்பு. நம் ஊர்ச் சூட்டிலேயே பூக்கும், தவறு செய்தாலும் மன்னிக்கும். முதல் செடி இதுவாக இருப்பது நல்லது. மஞ்சள் பூ ஆடும் ஒன்சிடியமும் பல்கனிக்குச் சரியாக வரும்.

வீட்டுக்குள் கிழக்கு ஜன்னல் மட்டும்தான் என்றால் ஃபெலனாப்சிஸ். இதில் இரண்டு வகை இருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. கடையில் பெரிய வட்டமான வெள்ளை, ஊதாப் பூக்களோடு நிற்பவை குளிர் காட்டிப் பூக்க வைத்த கலப்பினங்கள். நம் வீட்டில் நன்றாக வளரும், மீண்டும் பூக்கத்தான் அடம்பிடிக்கும். இன்னொரு வகை, நம் தாழ்நிலக் காடுகளின் சொந்தக்காரர்கள்: தீபகற்பத்தில் வளரும் வயலேசியா, போர்னியோவின் பெலினா, கொம்பு மாதிரி தட்டையான காம்பு விடும் கொர்னு செர்வி. பூ சின்னது, ஒரு நேரத்தில் ஒன்றிரண்டுதான் விரியும், ஆனால் பெலினா ஒரு பூ விரிந்தாலே அறை மணக்கும். இவற்றுக்குக் குளிர் தேவையில்லை. என்னைக் கேட்டால் நம் வீடுகளுக்கு இவைதான், ஆனால் மொய்க் கவரோடு கொடுக்க எடுப்பாக இருக்காது என்பதால் யாரும் கேட்பதில்லை.

வாண்டா வேண்டாம். வேர் முழுக்க வெளியே தொங்கும், தினமும் தண்ணீர், நல்ல வெயில் இரண்டும் கேட்கும். வீட்டுக்குள் அதை வைத்துத் தோற்றவர்கள் நிறையப் பேர், நானும் ஒருவன்.

சாலையோரத்தில் காட்டு ஆர்க்கிட் என்று கட்டுக்கட்டாக விற்பதை வாங்காதீர்கள். மரத்திலிருந்து பிய்த்த வேர் பெரும்பாலும் தேறாது. அனுமதியில்லாமல் காட்டிலிருந்து எடுப்பதும் குற்றம்.

5. கடையில் பூவைப் பார்க்காதீர்கள், வேரைப் பாருங்கள்

சுங்கை பூலோ நர்சரி வரிசையில் ஒரு காலைப்பொழுதைச் செலவிட்டால் தேர்ந்தெடுக்க நிறைய இருக்கும். சாடியைத் தூக்கி அடியைப் பாருங்கள். வேர் கெட்டியாக, வெள்ளையாகவோ பச்சையாகவோ இருக்க வேண்டும். பழுப்பாக, அமுக்கினால் மேல்தோல் கையோடு வந்து உள்ளே நூல் மாதிரி மிச்சமிருந்தால் அது செத்த வேர்.

செடியை மெல்ல ஆட்டிப் பாருங்கள். லொடலொடவென்று ஆடினால் வேர் பிடிக்கவில்லை. பிறகு இலையின் அடிப்பக்கம், காம்பு சேரும் இடுக்கு, இரண்டையும் பாருங்கள், மாவுப்பூச்சி அங்கேதான் ஒளிந்திருக்கும். எறும்பு வரிசையாக ஏறினால் மேலே பூச்சி இருக்கிறது என்று அர்த்தம்.

வீட்டுக்கு வந்ததும் மற்ற செடிகளோடு சேர்க்காதீர்கள். மூன்று வாரம் தனியறையில் இருக்கட்டும். முட்டையாக வந்த பூச்சி அதற்குள் வெளியே தெரிந்துவிடும்.

6. சாடி மாற்றுதல்

பூத்திருக்கும்போது செய்யாதீர்கள். பூ முடிந்து, அடியில் புது வேரின் பச்சை நுனி எட்டிப் பார்க்கும்போது செய்யுங்கள். அந்தச் சமயத்தில் மாற்றினால் புது வேர் நேராகப் புது ஊடகத்துக்குள், அதாவது சாடியில் நிரப்பும் கரி, மரப்பட்டைக்குள், இறங்கிவிடும். ஒரே விதிவிலக்கு: வேர் அழுகியிருந்தால் பூக்காம்பை வெட்டிவிட்டு அன்றே மாற்ற வேண்டும்.

கடைச் செடியைச் சாடியிலிருந்து உருவினால் வேரைச் சுற்றி அடைத்த பாசி வெளியே கொஞ்சம் காய்ந்து, பார்க்க நன்றாகத்தான் இருக்கும். விரலை நடுவே விட்டுப் பிளந்து பாருங்கள். நாற்று நிலையில் வைத்த சின்னப் பாசி உருண்டை அங்கே அப்படியே இருக்கும். கட்டியாக, கருத்து, பிழிந்தால் சொட்டும், ஊறவைத்து மறந்துபோன உளுந்து மாதிரி ஒரு புளித்த வாடை. புதிதாக வளர்ப்பவர்களின் செடி சாவது இந்த உருண்டையில்தான். மேலே காய்ந்துவிட்டதே என்று தண்ணீர் ஊற்றுவார்கள், நடுவில் ஒருநாளும் காயாது. குழாய்த் தண்ணீரில் காட்டி அதைத் துண்டு துண்டாக எடுத்துவிடுங்கள். பத்து நிமிடம் பிடிக்கும். அவசரப்பட்டு இழுத்தால் நல்ல வேரும் அறுந்துவிடும்.

வெட்டும் முன் கத்தரி நுனியை லைட்டரில் காட்டி ஆறவிடுங்கள், ஒவ்வொரு செடிக்கும் மறுபடி. ஆர்க்கிட்டைத் தாக்கும் வைரஸ்கள் பெரும்பாலும் கத்தரி வழியாகத்தான் ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் போகின்றன, வந்துவிட்டால் மருந்து கிடையாது. மெத்தென்று இருக்கும் வேரை மட்டும் வெட்டுங்கள். நிறம் பழுப்பாக இருந்தாலும் கெட்டியாக இருந்தால் விட்டுவிடுங்கள்.

வெட்டிய இடத்தில் சமையலுக்குப் போடும் பட்டைத்தூள் தடவலாம், ஆனால் வெட்டுவாயில் மட்டும். போன வருடம் எதிர்வீட்டு அக்கா வேர் முழுக்க, திருநீறு பூசுகிற மாதிரி அப்பிவிட்டார். பட்டைத்தூள் ஈரத்தை உறிஞ்சும், நல்ல வேரும் காய்ந்து சுருங்கிவிட்டது.

சாடி, வேர்க்கட்டு நுழையும் அளவுதான், பெரிது வேண்டாம். பெரிய சாடியில் நடுப்பகுதி காய நாளாகும், நாம் இப்போதுதான் அந்தத் தொல்லையிலிருந்து செடியை மீட்டிருக்கிறோம். வீட்டுக்குள் வைக்கும் ஃபெலனாப்சிஸுக்கு மரப்பட்டையும் கரியும் பாதிப்பாதி. பல்கனி டெண்ட்ரோபியத்துக்கு வெறும் கரியே போதும். பாசி வேண்டுமென்றால் மேலே ஒரு பிடி, அவ்வளவுதான்.

ஃபெலனாப்சிஸைச் சாடியின் நடுவில், கீழ் இலை ஊடகத்தைத் தொட்டும் தொடாமலும் இருக்கும்படி நிறுத்துங்கள். டெண்ட்ரோபியம் பக்கவாட்டில் நகர்ந்து வளரும், பழைய தண்டை விளிம்பில் ஒட்டவைத்து, புதுத்தளிர் வரும் பக்கம் இடம் விடுங்கள். சாடியைத் தட்டித் தட்டி இடைவெளியை நிரப்புங்கள், கையால் அழுத்த வேண்டாம்.

கடைசியாகக் கம்பியை ஊன்றிக் கட்டுங்கள். இதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். செடி ஆடினால் புது வேர் நுனி ஒவ்வொரு ஆட்டத்திலும் கரியில் உரசித் தேய்ந்துபோகும். சாடியைத் தூக்கினால் செடியும் சாடியும் ஒன்றாக அசைய வேண்டும்.

7. முதல் மூன்று வாரம்

வழக்கத்தைவிடக் கொஞ்சம் நிழல், உரம் கிடையாது, தண்ணீர் குறைவு. வெட்டுக்காயம் ஆறவேண்டும். கீழ் இலை ஒன்று பழுத்தால் பயப்படாதீர்கள். மேல் இலை துவண்டால்தான் மறுபடி வேரைப் பார்க்க வேண்டும்.

8. தண்ணீர்: கிழமை பார்க்காதீர்கள், வேரைப் பாருங்கள்

"வாரத்துக்கு எத்தனை தடவை?" என்று கேட்காதவர் இல்லை. பதில் உங்கள் சாடியில் இருக்கிறது. ஆர்க்கிட் வேரைச் சுற்றிப் பஞ்சு போன்ற உறை உண்டு. நனைந்தால் அது நீரால் நிறைந்து உள்ளிருக்கும் பச்சையைக் காட்டும், காய்ந்தால் காற்று புகுந்து வெள்ளி நிறமாகும். வெள்ளி என்றதும் ரிங்கிட் ஞாபகம் வரலாம், அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்: வேரில் வெள்ளி தெரிந்தால்தான் செலவு செய்யலாம்.

வெளிவேர் வெள்ளியாகி நடுவில் ஈரம் இருக்குமோ என்ற சந்தேகத்துக்குத்தான் சாத்தே குச்சி. சாடி நடுவில் ஒன்றைக் குத்தியே வைத்திருங்கள். உருவி, கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் இன்று தண்ணீர் வேண்டாம்.

என் வீட்டுக் கணக்கு, ஒப்பிட மட்டும்: பல்கனியில் கரியில் இருக்கும் டெண்ட்ரோபியத்துக்கு அநேகமாக தினமும், ஜன்னலோர ஃபெலனாப்சிஸுக்கு மூன்று நாலு நாளுக்கு ஒருமுறை. அக்டோபர், நவம்பர் அடைமழையில் ஒரு வாரம்கூட விட்டிருக்கிறேன்.

ஊற்றும்போது தாராளமாக ஊற்றுங்கள். சிங்க்கில் வைத்து அடியில் ஓடும்வரை ஊற்றி, பத்து நிமிடம் விட்டு இன்னொரு முறை. காய்ந்த மரப்பட்டை முதல் தண்ணீரை அப்படியே வழியவிட்டுவிடும், இரண்டாவதைத்தான் பிடித்துக்கொள்ளும். தினம் ஒரு கரண்டி ஊற்றுவதும் பனிக்கட்டி வைப்பதும் ஒரு மூலையை மட்டும் நனைக்கும்.

காலையில் ஊற்றுங்கள். ஃபெலனாப்சிஸின் நடுக்குருத்தில் தண்ணீர் தேங்கி இரவைக் கடந்தால் குருத்து அழுகும், அதற்குப் பிறகு அந்தத் தண்டிலிருந்து புது இலை வராது. தேங்கியிருந்தால் டிஷ்யூ நுனியை விட்டு உறிஞ்சி எடுங்கள்.

துளையில்லாத பீங்கான் சாடிக்குள் பிளாஸ்டிக் சாடியை வைப்பவர்கள் அடிக்கடி தூக்கிப் பாருங்கள். முதல் வருடம் என் நான்கு செடிகள் போனது, அடியில் இரண்டு விரல் தண்ணீர் நின்றது தெரியாமல்தான்.

9. உரம்

20-20-20 தூள் (நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியம் மூன்றும் சம அளவு), ஒரு லிட்டருக்கு அரை கிராம், வாரம் ஒருமுறை. வேர் ஈரமாக இருக்கும்போது மட்டும் ஊற்றுங்கள், காய்ந்த வேரில் உப்பு சுடும். மாதம் ஒருமுறை உரமில்லாமல் வெறும் தண்ணீரை நிறைய ஓடவிடுங்கள், கரி உப்பைப் பிடித்துவைத்துக்கொள்ளும். பொட்டலத்தில் போட்டிருக்கும் அளவு பெரும்பாலும் மண்செடிக்கு. கூடப் போட்டால் சீக்கிரம் பூக்கும் என்பதும் பொய்.

10. இலையில் மாற்றம் தெரிந்தால்

கரும்பச்சையாக, நீண்டு துவண்டால் வெளிச்சம் போதவில்லை. இளம்பச்சை நல்லது. ஒரே இடத்தில் வெளுத்து, பிறகு காய்ந்த தாள் மாதிரி ஆனால் வெயில் சுட்டது, அது பரவாது, வெட்ட வேண்டாம்.

வெந்நீர் பட்டாற்போல ஊறிய, பழுப்பான புள்ளி, தொட்டால் கொழகொழ, மோந்தால் நாற்றம் என்றால் அன்றைக்கே வேலை. இது பாக்டீரியா அழுகல், ஓரிரு நாளில் குருத்துக்குப் போய்விடும். நல்ல பகுதியிலிருந்து ஒரு விரல் சேர்த்து வெட்டி, தனியாக வைத்து, தண்ணீரை நிறுத்திக் காத்தாடியைப் போடுங்கள். மாவுப்பூச்சிக்கு 70 சதவீத ஆல்கஹாலில் பஞ்சை நனைத்துத் துடைத்தால் போதும், வாரம் ஒருமுறை, நாலு வாரம். முதல் தடவையோடு விட்டால் முட்டையிலிருந்து மறுபடி வரும்.

11. இரண்டாவது பூ

டெண்ட்ரோபியம் பூக்கவில்லை என்றால் பத்தில் எட்டு முறை வெளிச்சம்தான் காரணம். பழைய தண்டை, இலை உதிர்ந்து மொட்டையாக நின்றாலும் வெட்டாதீர்கள், அது செடியின் சேமிப்பு, அதிலேயே திரும்பவும் பூக்கும்.

பெரிய பூ ஃபெலனாப்சிஸ் கதை வேறு. "ராத்திரி ஏர்கோன் அறையில் வைத்தேன், ஆறு மாதமாகக் காம்பே வரவில்லை" என்று என் அத்தை சொல்லிக்கொண்டிருந்தார். அதே சமயம் அண்ணியின் அலுவலக மேசையில், யாரும் கண்டுகொள்ளாத ஒரு செடி காம்பு விட்டு நின்றது. எனக்கும் முதலில் புரியவில்லை. 2006இல் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ஆய்வு ஒன்றில் விடை இருந்தது: இந்த வகைக்குப் பகல் வெப்பம்தான் கணக்கு. பகலில் 29 பாகை செல்சியஸ் இருந்தால் இரவில் எவ்வளவு குளிர்ந்தாலும் பெரும்பாலும் காம்பு வராது. அலுவலகத்தில் பகலெல்லாம் ஏர்கோன், இரவில் அணைத்துவிடுவார்கள். அத்தை வீட்டில் நேர் எதிர்.

ஆகவே வீட்டிலிருந்து வேலை செய்பவர்கள், பகலில் ஏர்கோன் ஓடும் அறையின் ஜன்னலோரத்தில், 23 முதல் 25 பாகையில், ஆறு வாரம் வைத்துப் பாருங்கள். காற்று நேராகப் படாமல், வெளிச்சம் குறையாமல். அதற்காகவே ஏர்கோன் போடுவது வீண், மின்கட்டணத்தில் இரண்டு புதுச்செடி வாங்கலாம். அலுவலகத்தில் ஜன்னல் மேசை இருந்தால் அங்கே கொண்டுபோய் வைத்துவிடுங்கள்.

குளிர்ச்சியைக் கண்டு பூப்பது நம் தெருவிலேயே நடக்கும். சாலை மரங்களில் தொற்றி வளரும் புறா ஆர்க்கிட், திடீர் மழையில் வெப்பம் சட்டென்று இறங்கினால், ஒன்பதாம் நாள் ஊர் முழுக்க ஒரே காலையில் வெள்ளையாகப் பூத்துவிடும். மறுநாள் வாடிவிடும். மழைச்சாரல் படும் பல்கனியில்தான் அதற்கு வேலை, கண்ணாடிக்குள் அல்ல.

பெலினா, வயலேசியா, கொர்னு செர்வி வளர்ப்பவர்கள் பூ உதிர்ந்த காம்பை வெட்டிவிடாதீர்கள். பெரிய பூ வகைக்குச் செய்யும் பழக்கத்தில் கத்தரி தானாகப் போய்விடும். பச்சையாக இருக்கும்வரை அதே காம்பின் நுனியில் அடுத்த மொட்டு வரும், வருடக்கணக்கில். என் பெலினாவில் இப்போது பூப்பது மூன்று வருடத்துக்கு முன் வந்த காம்பு.